மரத்துக்குச் சாதி இல்லை, மனைக்கு?

வீடு பேசும் என்பர் கட்டடக்கலை வல்லோர். தூணும் பேசுமாம், மாடமும் பேசுமாம், முகப்பில் செதுக்கிய கொடியும் பூவும்கூடப் பேசுமாம். பேசட்டும், கேட்க நாம் ஆயத்தம். ஆனால், வீடு எதைப் பேசுகிறது என்று கேட்கும் செவிக்கு, வீடு எதை விழுங்குகிறது என்று கேட்கும் கடமையும் உண்டு. மாளிகையைக் கண்டு மயங்குபவன் விருந்தாளி. இம்மாளிகைக்கு மண் சுமந்தவர் எங்கே உறங்கினார் என்று கேட்பவனே திறனாய்வாளன்.

அந்தக் கேள்வியோடு ஓர் ஊரை இங்கே ஆராய முற்படுகிறோம். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத் தலைநகராம் அட்லாண்டாவின் கிழக்கே உள்ள இன்மன் பார்க் என்பது அவ்வூரின் பெயர். அந்நகரில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட முதல் புறநகர் அது. மின்சார டிராம் வண்டியை நம்பிப் பிறந்த புறநகர்களுள் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. அங்குள்ள மர மாளிகைகளைப் புகழ்ந்து எழுதப்பட்டவை ஏராளம். அந்தப் புகழுரைகளில் பொய் இல்லை, குறை உண்டு. அக்குறையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

எங்கோ உள்ள ஊரின் வீடுகள் நமக்கேன் என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். அக்கிரகாரம் எங்கே, சேரி எங்கே என்று ஊரின் அமைப்பிலேயே சாதியை எழுதிவைத்த நாட்டிலே பிறந்தவர்கள் நாம். அதே எழுத்தை வேறொரு நாடு வேறொரு மையால் எழுதியபோது, அதனை வாசித்துப் பொருள் கூற நம்மினும் பழகிய கண்கள் யாருக்கு உண்டு?

டிராம் ஈன்ற ஊர்

டிராம் வருமுன் நகரம் என்பது கால் நடந்து சேரும் தொலைவே. கடைக்காரன் கடையின் மாடியிலே குடியிருந்தான். கணக்கன் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் குடியிருந்தான். செல்வனும் ஏழையும் ஒரே புழுதியை மூக்கில் ஏற்றினர். குதிரை இழுத்த டிராம் வந்தபோது நகரம் சற்றே கை நீட்டியது. மின்சார டிராம் வந்தபோது நகரம் எழுந்து ஓடத் தொடங்கியது.

1888ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், பிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் நகரளாவிய மின்சார டிராமை வெற்றியோடு ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டே, 1889இல், அட்லாண்டாவின் முதல் மின்சார டிராம் எட்ஜ்வுட் சாலையில் ஓடியது. (நம் சென்னைத் தெருக்களிலும் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953இல் நின்றதைப் பெரியோர் அறிவர்.) நகர நடுவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு மைல், கோடு கிழித்தாற்போன்ற நேர்ச்சாலை. அந்தச் சாலை சென்று சேருமிடம் இன்மன் பார்க்.

வண்டியை விட்டவர் ஜோயல் ஹர்ட் என்ற பொறியாளர். மனையை விற்றவரும் அவரே! சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நகருக்கு வெளியே கிடந்த நிலத்தை வாங்கியது அவர் கூட்டிய நில நிறுவனம். அந்த நிலத்துக்கு வழி போட்டது அவர் கூட்டிய டிராம் நிறுவனம். தண்டவாளம் சென்ற இடமெல்லாம் மண் பொன்னாயிற்று. டிராம் கட்டணத்தில் வரும் இலாபம் சில்லறை. மனை விற்பனையில் வருவதே முதல். அமெரிக்காவின் டிராம் புறநகர்கள் பலவற்றின் பிறப்பு இரகசியம் இதுவே.

ஹர்ட் கலை அறியாதவர் அல்லர். ஜேம்ஸ் ஃபோர்சித் ஜான்சன் என்ற ஆங்கிலேயத் தோட்டக் கலைஞரைக் கொண்டு ஊரை வகுத்தார். சதுரங்கக் கட்டம்போல் தெரு வெட்டும் அந்நாளைய வழக்கத்தை விட்டு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப வளைந்து செல்லும் தெருக்கள் அமைந்தன. இடையிலே ஸ்பிரிங்வேல் என்னும் பூங்கா. தெருவோரம் ஓக் மரங்கள். பருத்தி வணிகர் சாமுவேல் இன்மன் பெயர் ஊருக்குச் சூட்டப்பட்டது. பின்னர் கோக்கோ கோலா நிறுவனத்தைப் பெருஞ்செல்வமாக வளர்த்த ஏசா கேண்ட்லர் இங்கே மாளிகை எழுப்பினார். செல்வர் தேடி வந்த ஊராயிற்று இன்மன் பார்க்.

கலையின் திறம்

இனி, வீடுகளைக் காண்போம். காணும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அழகை அழகென்று ஒப்புக்கொள்வதற்குப் பகுத்தறிவு தடை சொல்வதில்லை.

இன்மன் பார்க்கின் தொடக்க கால வீடுகளுள் சிறந்தவை ‘குயின் ஆன்’ பாணியைச் சேர்ந்தவை. 1702 முதல் 1714 வரை இங்கிலாந்தை ஆண்ட ஆன் அரசியின் பெயர் இது. அரசிக்கும் பாணிக்கும் உள்ள உறவு பெயரளவே. நார்மன் ஷா முதலிய ஆங்கிலக் கட்டடக் கலைஞர்கள் செங்கல்லில் தொடங்கிய பாணியை, காடு நிறைந்த அமெரிக்கா மரத்திலே வளர்த்தெடுத்தது.

இப்பாணியின் முதல் இலக்கணம், இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்பது. ஒருபுறம் கூம்பிய சிறு கோபுரம் எழும். மறுபுறம் சுவர் புடைத்துச் சாளரமாய் விரியும். கூரை ஒன்றாக இராது, பலவாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சுவரில் மீன் செதில்போல் மரச்சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கும். வண்ணக் கண்ணாடியில் மாலை வெயில் சிவக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னே, வீட்டின் இருபுறமும் வளைந்து செல்லும் அகன்ற முன்திண்ணை. அதனைத் தாங்கும் கடைந்த தூண்கள். தூண்களுக்கு மேலே சரிகைபோல் அறுத்தெடுத்த மரச்சித்திரம்.

இந்தப் பாணியின் உண்மையான பெருமை அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. பழைய மர வீட்டின் மூலைகள் விறைத்த மூலைகள். கனத்த உத்திரங்களைப் பொருத்தித் தட்டி நிறுத்தப் பழகிய தச்சர் குழு வேண்டியிருந்தது. மெல்லிய சட்டங்களை அடுக்கி ஆணி அடித்து நிறுத்தும் புதுமுறை வந்த பிறகு, மூலை எங்கும் வளையலாம், சுவர் எங்கும் புடைக்கலாம் என்றாயிற்று. ஆணி ஆலையிலே மலிந்தது. சட்டம் மரவாலையிலே அளவாய் அறுபட்டு இரயிலில் வந்தது. திண்ணைத் தூணைக் கடைந்தது கடைசல் இயந்திரம். சரிகைச் சித்திரத்தை அறுத்தது இயந்திர வாள். வீட்டு வரைபடங்களே அஞ்சலில் விற்றன. டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் இருந்த ஜார்ஜ் பார்பர் என்ற கட்டடக் கலைஞர், புத்தகத்தைப் பார்த்து வாங்குவோர்க்கு நாடெங்கும் வரைபடம் அனுப்பினார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். முன்னாளில் ஒரு பிரபுவின் மாளிகைக்கு மட்டுமே வாய்த்த அலங்காரம், இப்போது இயந்திரத்தின் தயவால் ஒரு குமாஸ்தாவின் வீட்டுக்கும் வந்துவிட்டது. சிற்பியை ஆண்டுக்கணக்கில் வைத்துச் சோறு போடும் செல்வம் வேண்டியதில்லை. விலைப்பட்டியலும் சிறு சேமிப்பும் போதும். இந்தக் கலை, தன் பிறப்பிலேயே பொதுமைக் கலை. யார் வாங்கினாலும் அதே தூண். யார் ஆணி அடித்தாலும் அதே சரிகை. மரத்துக்குச் சாதி இல்லை. இயந்திரத்துக்கு நிறம் தெரியாது.

அங்ஙனமாயின், இன்மன் பார்க்கின் மாளிகைக்கு மட்டும் தனி மேன்மை எங்கிருந்து வந்தது?

அடுத்த தெருவின் சாட்சி

டிராம் சென்ற எட்ஜ்வுட் சாலைக்கு வடக்கே, அடுத்தபடியாக அதற்கு இணையாகச் செல்லும் தெரு ஆபர்ன் சாலை. இன்மன் பார்க்குக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், அந்தத் தெருவின் 501ஆம் எண் வீடு நிற்கிறது. 1895இல் கட்டப்பட்டது. இரண்டு மாடி மர வீடு. முன்திண்ணை, சரிகை மர வேலை, ஒருபுறம் ஒதுங்கிய முகப்பு: ஆம், அதே குயின் ஆன் பாணி! 1909இல் இவ்வீட்டை 3,500 டாலருக்கு வாங்கியவர் ஏ. டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார். 1929 சனவரி 15ஆம் நாள் அவ்வீட்டின் மாடி அறையிலே அவருடைய மகளுக்கு ஒரு மகன் பிறந்தான். உலகம் அவனை மார்ட்டின் லூதர் கிங் என்று அறியும்.

கட்டடக் கலையை அதன் வடிவத்தை மட்டும் வைத்து அளப்போர் இங்கே திகைத்து நிற்க வேண்டும். இன்மன் பார்க்கின் வீட்டையும் ஆபர்ன் சாலையின் வீட்டையும் படமெடுத்து அடுத்தடுத்து வையுங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று சொல்லலாம்; அதற்கு மேல் வேறுபாடு காட்ட முடியாது. ஒரே இலக்கணம், ஒரே காலம், ஒரே மரம். ஆனால் ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்தவர், மற்ற வீட்டின் திண்ணையில் அமர முடியாது. சமைக்க வரலாம்; துணி வெளுக்க வரலாம்; பிள்ளையைத் தாலாட்ட வரலாம். அமர வர முடியாது. அவ்வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களே. அட்லாண்டாவில் துணி வெளுத்த கறுப்பினப் பெண்கள் 1881இல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து நகரையே அதிர வைத்தார்கள் என்பது வரலாறு.

திண்ணை என்ற சொல் நமக்குப் புதிதன்று. வழிப்போக்கன் களைப்பாறக் கட்டியது திண்ணை என்று நம் ஊரிலும் பெருமை பேசுவர். எந்த வழிப்போக்கன் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். தெருவில் நடக்கவே உரிமையற்றவன் திண்ணையில் எங்ஙனம் அமர்வான்? இன்மன் பார்க்கின் திண்ணையைப் புகழும் நூலோர், அது வீட்டையும் தெருவையும் இணைத்தது என்கின்றனர். இணைத்தது உண்மை. யாரோடு இணைத்தது என்பதே கேள்வி.

இருக்கையில் எழுதிய வருணம்

வீட்டின் கதை வாயிற்படியோடு முடிவதில்லை. டிராம் புறநகரில், வீட்டின் நீட்சியே டிராம் வண்டி. காலையில் கணவன் அதிலே ஏறி நகருக்குச் சென்றான். அதே காலையில் சமையற்காரி அதிலே ஏறி வேலைக்கு வந்தாள். ஆகவே, வண்டியின் உள்ளமைப்பையும் கட்டடக் கலையின் ஒரு பகுதியாகவே நாம் வாசிக்கிறோம்.

அந்த அமைப்பை வகுத்தது தச்சனல்லன், சட்டம். டிராம் வந்த இரண்டே ஆண்டில், 1891இல், ஜார்ஜியா மாநிலம் டிராமிலும் இனப் பிரிவினை செய்யச் சட்டம் இயற்றியது. வெள்ளையர் முன்புறம்; கறுப்பினத்தார் பின்புறம். அதனை எதிர்த்து அட்லாண்டாவின் கறுப்பின மக்கள் 1892, 93 ஆண்டுகளிலும் மீண்டும் 1900இலும் டிராமைப் புறக்கணித்துக் கால்நடையாகச் சென்றார்கள். மாண்ட்கொமரியில் கிங் தலைமையில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்த போர் அது!

1906 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, அந்த டிராம் வண்டிகளே கொலைக்களமாயின. வெள்ளையப் பெண்களைக் கறுப்பினத்தார் தாக்கினர் என்று செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கிய கதைகளால் வெறியேறிய வெள்ளையர் கூட்டம், வண்டிகளை நிறுத்தி, கறுப்பினப் பயணிகளை இழுத்துப் போட்டு அடித்தது. அடுத்தடுத்த நாட்களில் குறைந்தது 25 கறுப்பினத்தார் உயிரிழந்தனர். அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தகங்கள் நடத்தி உயர்ந்த அலோன்சோ ஹெர்ண்டன் என்பாரின் கடை நொறுக்கப்பட்டது. அவர் ஓடி ஒளியவில்லை. நான்கே ஆண்டில், 1910இல், நகரின் மேற்குப் பகுதியில் எழுந்தது அவருடைய மாளிகை. அதன் வடிவத்தைத் திட்டமிட்டவர் அவருடைய துணைவி ஏட்ரியன். கட்டி முடித்தவர்கள் கறுப்பினக் கைவினைஞர்கள். கலைத்திறம் ஓர் இனத்தின் தனிச்சொத்து என்போர்க்குச் சுவரும் தூணும் கொண்டு தரப்பட்ட மறுமொழி அது.

கலவரத்துக்குப் பின் கறுப்பின வணிகம் நகர நடுவை விட்டு ஒதுங்கி ஆபர்ன் சாலையிலே திரண்டது. இன்மன் பார்க்கின் டிராம் அதற்கு அடுத்த தெரு வழியாகவே நாள்தோறும் மணியடித்துச் சென்றது.

பத்திரமும் வரைபடமும்

செல்வர் வாழும் புறநகரின் உண்மையான மதில், கல்லால் கட்டப்பட்டதன்று, காகிதத்தால் கட்டப்பட்டது. இன்மன் பார்க்கில் மனை வாங்கியவர், கிரயப் பத்திரத்திலேயே சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டார்: குடியிருப்பு தவிர வேறெதுவும் கூடாது, குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த செலவில் வீடு கட்டலாகாது. மலிவாகக் கிடைத்த அலங்காரத்தை மலிவானவர் கைக்குப் போகாமல் தடுக்க இதைவிடச் சிறந்த பூட்டு வேண்டுமா?

வருவாயால் போட்ட பூட்டு போதாதென்று நிறத்தால் போட்ட பூட்டும் வந்தது. 1913இல் அட்லாண்டா நகரமன்றம், எந்தத் தெருப்பகுதியில் எந்த இனத்தார் குடியேறலாம் என்று விதி செய்தது. 1915இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. மன்றம் ஓயவில்லை. 1922இல் ராபர்ட் விட்டன் என்ற திட்டவல்லுநரைக் கொண்டு நகரை மண்டலங்களாகப் பிரித்தது. முதல் மண்டலம் வெள்ளையர்க்கு, இரண்டாவது கறுப்பினத்தார்க்கு, மூன்றாவது, இன்னும் முடிவு செய்யப்படாதது. விஞ்ஞானத்தின் பெயரால் வரைந்த வருணாசிரம வரைபடம்! 1924இல் அதுவும் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அதே 1924இல்தான், வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். இரு கண்டங்கள், ஒரே ஆண்டு, ஒரே கேள்வி: தெரு யாருக்குச் சொந்தம்?

சட்டம் வீழ்ந்தால் என்ன, பத்திரம் இருக்கிறதே என்றனர் அமெரிக்க நாட்டின் மனை வணிகர். இந்த இனத்தார்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை நாடெங்கும் புறநகர்ப் பத்திரங்களில் ஏறியது. அத்தகைய நிபந்தனைக்கு 1926இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தடை சொல்ல மறுத்தது. 1948இல்தான், செயின்ட் லூயி நகரத்து ஒரு வீட்டின் வழக்கில், அந்நிபந்தனையை நிறைவேற்ற எந்த நீதிமன்றமும் துணைபோகலாகாது என்று தீர்ப்பாயிற்று. வீடு விற்பதில் இனம் பார்த்தல் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

இடையிலே 1962 டிசம்பரில், அட்லாண்டா மாநகராட்சி தென்மேற்குப் பகுதியில் பெய்ட்டன் சாலையின் குறுக்கே தடுப்பே எழுப்பியது. வெள்ளையர் பகுதிக்குள் கறுப்பினத்தார் வீடு வாங்கி நுழைந்துவிடக் கூடாதாம்! 1963 மார்ச்சில் நீதிமன்ற ஆணையால் அது அகற்றப்பட்டது. காகித மதில் பலவீனப்பட்டதும் உண்மை மதில் முளைத்த கதை இது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008இல்தான் இடிபட்டது என்பதை அறிந்த நமக்கு, இந்தக் கதையின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

செங்கல் சொல்லும் கதை

இன்மன் பார்க்கைப் புகழும் கட்டுரைகளில் ஜோயல் ஹர்ட்டின் தொலைநோக்கு, கலையுணர்வு, மரம் நட்ட மாண்பு எல்லாம் உண்டு. அவர் வாழ்வின் மற்றொரு பக்கம் பல இடங்களில் இல்லை.

அடிமை முறை ஒழிந்த பின், ஜார்ஜியா மாநிலம் தன் கைதிகளைத் தனியார்க்குக் குத்தகைக்கு விட்டது. அக்கைதிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார். அற்பக் குற்றங்களுக்கும் பொய்க் குற்றச்சாட்டுகளுக்கும் பிடிபட்டவர்கள் ஏராளம். அவர்களை வாங்கியவர்களுள் ஹர்ட்டும் ஒருவர். 1890களின் நடுவிலிருந்து அவர் நடத்திய நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பு உலைகளிலும் குத்தகைக் கைதிகள் சங்கிலியோடும் சவுக்கோடும் உழைத்தனர். நகரின் முன்னாள் மேயர் ஜேம்ஸ் இங்கிலிஷ் என்பாருக்குச் சொந்தமான சட்டஹூச்சி செங்கற்சூளையில், அதே குத்தகைக் கைதிகள் கோடிக்கணக்கில் செங்கல் அறுத்தனர். வளர்ந்துவந்த அட்லாண்டாவின் தெருக்களிலும் சுவர்களிலும் அச்செங்கல் பதிந்தது. 1908இல் மாநிலச் சட்டமன்றம் விசாரணை நடத்தியது. வெளிவந்த கொடுமைகள் மக்களைக் கொதிக்கச் செய்தன. குத்தகை முறை ஒழிந்தது.

நாம் நேர்மையோடு ஒன்று சொல்ல வேண்டும். ஹர்ட் சுரங்கங்களை வாங்கியது இன்மன் பார்க் தோன்றிய பிறகே. ஆகவே, அவ்வூரின் முதல் மனைகள் அந்தச் சுரங்கப் பணத்தில் விளைந்தன என்று கூற மாட்டோம். நாம் கேட்பது வேறு. ஓக் மரத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும், அது எவ்வளவு மூச்சுவிட வேண்டும் என்று எண்ணிப் பார்த்த அதே மனம், சுரங்கத்தில் மனிதன் எவ்வளவு மூச்சுவிட வேண்டும் என்று எண்ணாமல் போனதேன்? மரத்தை நேசித்து மனிதனை வாடகைக்கு எடுத்த மனத்தைக் கலையுள்ளம் என்று மட்டும் எழுதி முடிப்பது திறனாய்வாகுமா?

இரு சாலைகளின் கதி

செல்வர்க்குப் புதுமை மீது காதல். 1904இல் ஆன்ஸ்லி பார்க் தோன்றியது. அடுத்து, ஹர்ட்டே திட்டமிட்டு 1908இல் கேண்ட்லர் முதலியோர்க்கு 5 இலட்சம் டாலருக்கு விற்ற டுருயிட் ஹில்ஸ் எழுந்தது. செல்வர் அங்கே பறந்தனர். இன்மன் பார்க் மாளிகைகள் பலவும் அறை அறையாக வாடகைக்குப் போயின. 1949இல் அட்லாண்டாவின் பழைய டிராமும் நின்றது. கோபுர மாடங்களில் சாயம் உரிந்தது.

1969இல் ஓர் இளைஞர் யூக்லிட் சாலையில் பாழடைந்து கிடந்த 1890ஆம் ஆண்டு வீடொன்றை வாங்கிச் செப்பனிடத் தொடங்கினார். மற்றவரும் தொடர்ந்தனர்; சங்கம் கண்டனர். ஊரைப் பிளந்து செல்ல இருந்த அதிவேக நெடுஞ்சாலையை எதிர்த்து நின்றனர். நூற்றுக்கணக்கான வீடுகள் அத்திட்டத்துக்காக இடிபட்ட பின்னும் போராடித் திட்டத்தைக் கைவிடச் செய்தனர். 1973இல் ஊர், நாட்டின் வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் ஏறியது. மக்கள் கூடி அரசின் புல்டோசரை நிறுத்திய அச்செயலை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், ஆபர்ன் சாலைக்கு நேர்ந்தது என்ன? 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நகர நடுவே போடப்பட்ட நெடுஞ்சாலை, அத்தெருவின் தலைமேல் ஏறி அதனை இரண்டாகப் பிளந்தது. அக்காலத்தில் அங்கே குடியிருந்தோர்க்கு வாக்கு வலிமை குறைவு. நகரமன்றத்தில் குரல் குறைவு. பழமையான வீடுகளும் கடைகளும் அங்கேயும் இருந்தன. பாதுகாக்க வேண்டிய கலை என்று அவற்றை அன்று எவரும் அழைக்கவில்லை. 1980இல் கிங் பிறந்த வீடும் சுற்றுப்புறமும் தேசிய நினைவிடமாயின. அதற்கும் ஒரு மாமனிதனின் உயிர் விலையாகத் தரப்பட வேண்டியிருந்தது.

எந்த வீடு ‘பாரம்பரியம்’, எந்த வீடு ‘பழைய குப்பை’ என்று தீர்மானிப்பது கலையறிவு மட்டுமன்று, அதிகாரமும்கூட. இதனை மறந்த கட்டடக்கலைத் திறனாய்வு, பூசாரியின் புராணம் போன்றது. மூலவரின் அழகைப் பாடும்; கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைப் பற்றி வாய் திறவாது.

இரு தவறான தீர்ப்புகள்

கலை கலைக்காகவே என்போர், இந்த வரலாறெல்லாம் மாடத்தின் வளைவுக்கு என்ன உறவு என்பார்கள். உறவு உண்டு. வீடு ஓவியம் போன்றதன்று. சுவரில் மாட்டிவைத்துப் பார்க்கும் பொருளன்று. அதனுள்ளே யார் வாழலாம், யார் பின்வாயில் வழி வரலாம் என்பதும் அதன் வடிவத்திலேயே அடங்கியது. முன்திண்ணை அகன்றதும் அடுக்களை பின்னே ஒதுங்கியதும் ஒரே பென்சில் போட்ட கோடுகள்.

ஆத்திரம் கொண்ட தோழர் சிலர், அப்படியானால் இடித்துத் தள்ளுவோம் என்பார்கள். அதுவும் தவறு. இடித்தால் அழிவது மரம் மட்டுமன்று, சாட்சியும் சேர்ந்தே அழியும். குற்றவாளியின் பக்கம் நின்ற சாட்சியாயினும், குறுக்கு விசாரணையில் உண்மையைக் கக்கும் சாட்சியன்றோ அது! மேலும், தூணைக் கடைந்த தொழிலாளியின் உழைப்பை, வீட்டுக்காரன் செய்த குற்றத்துக்காக அழிப்பது எந்த நீதி?

நம் தீர்ப்பு இது. வீட்டைக் காப்போம், அதன் முழுக் கதையோடு காப்போம். மாடத்தைக் காட்டும் விரல் பின்வாயிலையும் காட்டட்டும். தோட்டக் கலைஞரின் பெயரைப் பொறித்த பலகையிலே, சூளைக் கைதியின் கதைக்கும் இடம் இருக்கட்டும். இன்மன் பார்க் மக்கள் தங்கள் ஊருக்குச் சின்னமாக ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுள்ளனர். அதன் இறக்கைகளில் இரு முகங்கள்: ஒன்று பழங்காலத்தை நோக்கும், மற்றது வருங்காலத்தை. நல்ல சின்னம். பின்னோக்கும் முகம் பாதித் தொலைவில் கண்ணை மூடிக்கொள்ளாமல் முழுவதையும் பார்க்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

1959இல் கிங் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் படித்த பள்ளியொன்றுக்குச் சென்றார். அப்பள்ளித் தலைவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற தீண்டப்படாதவர் என்று மாணவர்க்கு அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், பின்னர் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டப்படாதவனே என்று உணர்ந்ததாகவும், 1965 சூலை 4ஆம் நாள், ஆபர்ன் சாலையில் உள்ள தம் எபனேசர் திருச்சபையில் கிங் கூறினார். கோபுர மாளிகைகளின் பாணியிலேயே கட்டிய வீட்டில் பிறந்தவர் அவர். அந்தப் பாணி அவரைக் காக்கவில்லை. பள்ளி மாணவராய் இருந்தபோது, 1944இல், பேச்சுப் போட்டிக்குச் சென்று திரும்பிய பேருந்தில் வெள்ளையர்க்கு இடம்விட்டு எழுந்து நிற்க வைக்கப்பட்டவர் அவர்.

2014 டிசம்பரில் அட்லாண்டாவில் புதிய டிராம் ஓடத் தொடங்கியது. எட்ஜ்வுட் சாலை, ஆபர்ன் சாலை இரண்டையும் ஒரே வளையமாக இணைத்து அதன் தண்டவாளம் போடப்பட்டது. அன்று பிரித்த வண்டி இன்று இணைக்கிறதே என்று மகிழலாம். தண்டவாளம் இணைத்துவிட்டது; வாடகையும் விலையும் இணைய விடுகின்றனவா என்றும் கேட்கலாம்.

தோழர்களே! நம் நாட்டிலும் பழைய வீடுகளைக் காட்டும் சுற்றுலாக்கள் பெருகிவருகின்றன. முற்றத்தையும் தூணையும் தேக்கையும் வியந்து பேசுகிறார்கள். நீங்களும் செல்லுங்கள், நீங்களும் வியந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இத்திண்ணையில் யார் அமரலாம்? இத்தெருவில் யார் நடக்கலாம்? இச்செங்கல்லை யார் சுமந்தார்?

மறுமொழி சொல்லத் தயங்கும் வீடு எவ்வளவு அழகாயிருந்தாலும், அதன் கதை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. எழுதி முடிக்க வேண்டியவர்கள் நாமே.